டயானா 35: ரிப்பேர் கடையில் கிடந்தது போதும் என்று நானே பிரித்தது

அப்பாவின் டயானா 35 ஏர் ரைஃபிள் ஒருவழியாக ரிப்பேர் கடையிலிருந்து வீடு வந்து சேர்ந்தது. என்ன கோளாறு என்று கொடுத்தேனோ அது அப்படியே இருந்தது. கூடவே இரண்டு புதுக் கோளாறுகளும் வந்திருந்தன. கடைக்காரர் யார், கடை எங்கே என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்களைக் கேட்டால் ஊருக்கு ஊர் இதே கதைதான் சொல்கிறார்கள்.

துப்பாக்கியைப் பற்றி முதலில் கொஞ்சம். ஜெர்மனியில் ராஷ்டாட் ஊரில் 1890-ல் தொடங்கிய மாயர் அண்ட் கிராமல்ஷ்பாகர் கம்பெனியின் தயாரிப்பு. பேரலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கும். விசையை அழுத்தினால் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் காற்றை நசுக்கி பெல்லட்டை, அதாவது சின்ன ஈயக் குண்டை, வெளியே அனுப்பும். இவ்வளவுதான் இயந்திரம். காற்றை நசுக்குகிற பிஸ்டனின் நெற்றியில் ஒரு தோல் வாஷர் இருக்கும். சைக்கிள் பம்பிலும் மண்ணெண்ணெய் ஸ்டவ் பம்பிலும் இருந்த அதே ஜாதி வாஷர். அது காய்ந்து சுருங்கினால் காற்று பின்பக்கம் கசிந்துவிடும். என்னுடையதில் நடந்தது இதுதான். பத்து மீட்டரில் அட்டையைத் துளைத்துவிட்டுப் பின்னால் இருக்கும் தகரப் பெட்டியில் 'டங்' என்று மோத வேண்டிய பெல்லட், அட்டையிலேயே பாதி செருகிக்கொண்டு நின்றது.

கடையில் சொன்னது: "ஸ்பிரிங் போச்சுங்க சார். மும்பைல இருந்து வரணும். அடுத்த வாரம் வந்துருங்க." அடுத்த வாரம் போனால் ஸ்பிரிங் வரவில்லை. அதற்கடுத்த முறை ஸ்பிரிங் வந்திருந்தது, வேலை செய்யும் பையன் ஊருக்குப் போயிருந்தான். பிறகு கல்யாண சீசன், பிறகு தேர்தல். போனை எடுப்பதும் நின்றது. மழைக்காலம் முழுக்க என் துப்பாக்கி யாரோ ஒருவரின் மர அலமாரிக்குப் பின்னால் ஈரச் சுவரில் சாய்ந்து கிடந்தது. அப்பா வாரம் தவறாமல் எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்த பேரல் அது. அங்கே போய் அதைப் பார்த்தபோது வந்த ஆத்திரத்தை இப்போது எழுதும்போதும் அடக்க முடியவில்லை.

தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இந்தத் தொழில் இங்கே ஏன் நலிந்து கிடக்கிறது என்பது தெரியாமல் இல்லை. 1980-களின் நடுவில் தனியாருக்கான துப்பாக்கி இறக்குமதி நின்றுபோனது. வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கு உதிரி பாகம் கிடைக்காது. ஒவ்வொன்றையும் அரத்தால் ராவித்தான் செய்ய வேண்டும். லைசென்ஸ் துப்பாக்கிகளைத் தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், அவ்வப்போது புதுப்பிக்க அலைய வேண்டும். இதற்குப் பயந்தே பலர் விற்றுவிட்டார்கள். வேலை குறைந்தால் கைத்திறனும் குறையும். பழைய மேஸ்திரிகளின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இவ்வளவு இருந்தும் ஆறு மாதம் ஆகும் என்றால் ஆறு மாதம் என்று சொல்லலாமே. என்ன கோளாறு பார்த்தீர்கள், எதை மாற்றினீர்கள், கழற்றிய பாகம் எங்கே? இந்த மூன்று கேள்விக்கும் பதில் கிடையாது. கொடுத்ததற்கு ரசீதுகூடக் கிடையாது. இருசக்கர வாகன மெக்கானிக்கே கழற்றிய பிரேக் ஷூவைக் கையில் கொடுத்துக் காட்டுகிறார்.

திருப்பித் தந்த நாளில் கடை வாசலில் ஒரு முறை சுட்டுக் காட்டினார். காது அடைக்கிற வெடிச் சத்தம், பேரல் முனையில் நீலப் புகை. "பாருங்க சார், புதுசு மாதிரி ஆயிருச்சு." அந்தப் புகைதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. காற்றை நசுக்குகிற அறைக்குள் மெல்லிய எண்ணெய் விட்டால், டீசல் எஞ்சினில் நடப்பதுபோல் அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஒன்றிரண்டு சுடுதலுக்கு வேகம் எகிறும். வாஷர் கருகும், ஸ்பிரிங் அடி வாங்கும். வாங்க வந்தவரை ஏமாற்ற இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் நண்பரிடமிருந்து குரோனோகிராஃப், அதாவது பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி, வாங்கி வைத்து அளந்தேன். பெல்லட் 8.44 கிரெய்ன், அதாவது 0.547 கிராம். முதல் சுடுதல் நொடிக்கு 214 மீட்டர். அடுத்தது 171. பிறகு 149, 131 என்று இறங்கி, எண்ணெய் எரிந்து முடிந்ததும் 118-ல் வந்து நின்றது. 118 என்றால் ஆற்றல் 3.8 ஜூல். கொடுப்பதற்கு முன்னால் இருந்த நிலைக்கே வந்துவிட்டது. போதாக்குறைக்குப் பேரலை மடக்க முன்பைவிட இரண்டு மடங்கு பலம் வேண்டியிருந்தது. சில சமயம் மடக்கினாலும் விசை பிடிக்கவில்லை. பெல்லட் போடும் விரல் உள்ளே இருக்கும்போது விசை நழுவிப் பேரல் அறைந்து மூடினால் விரல் இருக்காது. மடக்கிய பேரலை ஒரு கையால் பிடித்துக்கொண்டே பெல்லட் போட வேண்டும் என்று அப்பா சொல்லித்தந்ததன் அருமை அன்று புரிந்தது.

அன்றைக்கே முடிவு செய்தேன், இனி கடைக்குப் போவதில்லை என்று. சட்டப்படி இதற்குத் தடை இல்லை. 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 0.177 அங்குல விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. வெடிமருந்துத் துப்பாக்கி விஷயம் வேறு. லைசென்ஸில் ஏறிய பன்னிரண்டு போர் (12 bore) தோட்டாத் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடுவதோடு நம் வேலை முடிந்தது. ரிப்பேர் என்றால் அதற்கு உரிமம் உள்ளவரிடம்தான் போக வேண்டும். இங்கே எழுதியதை யாரும் அதில் முயற்சி செய்ய வேண்டாம்.

பிரிப்பதில் ஆபத்தான கட்டம் ஒன்றே ஒன்று. மடக்காத நிலையிலும் ஸ்பிரிங் சில சென்டிமீட்டர் அமுங்கித்தான் உட்கார்ந்திருக்கும். பின்மூடியைப் பிடித்திருக்கும் குறுக்கு ஊசிகளைச் சும்மா தட்டி எடுத்தால் மூடி முகத்துக்கு நேராகப் பாயும். தச்சர்கள் பலகை ஒட்டப் பயன்படுத்தும் நீள கிளாம்ப் ஒன்றில் துப்பாக்கி உடம்பைப் படுக்கவைத்து, பின்மூடிக்கு ஒரு மரக்கட்டையை அண்டக்கொடுத்து இறுக்கினேன். ஊசிகள் தளர்ந்ததும் எடுத்துவிட்டு, கிளாம்ப் திருகைக் கால் சுற்றாகத் தளர்த்தி ஸ்பிரிங்கை ஓய்வுக்குக் கொண்டுவந்தேன். பெல்லட் உள்ளே இல்லை என்பதை இரண்டு தடவை பார்த்த பிறகுதான் இதெல்லாம்.

உள்ளே பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. ஸ்பிரிங் டயானாவுக்கு உரியதே இல்லை. கம்பி தடிமனானது, நீளமும் அதிகம். நீளத்தைக் கிரைண்டரில் வெட்டிக் குறைத்திருக்கிறார்கள். வெட்டிய முனையை மட்டமாக்கவில்லை. கத்திபோல் நின்ற அந்த முனை பிஸ்டனின் உள்சுவரை நீளக் கோடாகக் கீறியிருந்தது. கம்பித் தடிமனைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது எவ்வளவு நீளம் இருக்கும் என்பது வந்துவிடும். நான் பெருக்கிப் பார்த்தேன். பிஸ்டன் பின்னால் வந்து விசையில் மாட்டுவதற்கு வேண்டிய இடத்தை ஸ்பிரிங்கே அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் விசை சில சமயம் பிடிக்கவில்லை. ஒரு வெர்னியரும் ஒரு பெருக்கலும் போதும், இதைக் கடையிலேயே கண்டுபிடித்திருக்கலாம்.

தோல் வாஷரை மாற்றவே இல்லை. ஓரம் கருகி, அப்பளம்போல் விறைத்து, அதே பழைய வாஷர் பிஸ்டன் நெற்றியில் இருந்தது. அதைப் பிடித்திருக்கும் திருகின் தலையை மட்டும் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் நெரித்து வைத்திருந்தார்கள். கழற்றப் பார்த்திருக்கிறார்கள், வரவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். கூலி மட்டும் வாஷருக்கும் சேர்த்து வாங்கியிருந்தார்கள்.

வாஷர் செய்ததுதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி. எல்லாத் தோலும் இதற்கு ஆகாது. குரோம் பதனிட்ட தோல், அதாவது செருப்பிலும் கைப்பையிலும் வரும் மெத்தென்ற தோல், நனைத்து அச்சில் அழுத்தினாலும் காய்ந்ததும் வடிவத்தை விட்டுவிடும். மரப்பட்டையில் பதனிட்ட தோல் நனைத்து அழுத்திய வடிவத்தில் அப்படியே நிற்கும். அதைத் தேடி நாம் எங்கேயும் போக வேண்டியதில்லை. திண்டுக்கல், திருச்சி வட்டாரத்தில் ஆவாரம்பட்டையில் ஊறவைத்துக் கடுக்காயில் முடித்த தோல் ஒரு காலத்தில் கப்பல் கப்பலாகச் சீமைக்குப் போனது. ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர் என்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. தெரிந்தவர் மூலம் நாலு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு துண்டு வாங்கினேன்.

அச்சுக்குக் கோவை கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். உட்குழாயின் விட்டத்துக்கு ஒரு நைலான் வளையமும், அதற்குள் தோலின் கனத்தை விட்டு இறங்கும் ஒரு கட்டையும் வேண்டும். படம் வரைந்து அளவு போட்டுக் கொடுத்தேன். பட்டறைக்காரர் ஐயா தாளைத் திருப்பிப் பார்த்து, "இதென்னுங்க தம்பி, பம்பு வாஷர் டையுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "சாயங்காலம் வாங்க" என்றார். சாயங்காலம் போனேன். கடைந்து, பிசிறு எடுத்து, எண்ணெய்த் துணியில் சுற்றித் தயாராக வைத்திருந்தார். இவ்வளவு நாள் அலைந்த பிறகு, சொன்ன நேரத்துக்கு ஒரு பொருள் கைக்கு வந்தபோது எனக்கு நெகிழ்ச்சியாகவே இருந்தது.

தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, வட்டமாக வெட்டி, வளையத்தின் மேல் வைத்துக் கட்டையால் வைஸில் மெதுவாக அழுத்தினேன். தோல் சுருக்கம் விழாமல் கிண்ணமாக இறங்க வேண்டும். அவசரப்பட்டால் ஓரத்தில் மடிப்பு விழும், அந்த மடிப்பு வழியே காற்று போகும். அச்சிலேயே காயவிட்டு, விளிம்பைப் புது பிளேடால் சீவி, நீட்ஸ்ஃபுட் எண்ணெயில் (மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுப்பது) இரவு முழுக்க ஊறப்போட்டேன். கிண்ணத்தின் வாய் முன்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். காற்று நசுங்கும்போது அந்த விளிம்பைத் தானே விரித்துச் சுவரோடு அழுத்திக்கொள்ளும்.

அடுத்து சோதனை. ஸ்பிரிங் இல்லாமல் பிஸ்டனை மட்டும் குழாயில் விட்டு, முன்னால் காற்று வெளியேறும் துளையை விரலால் அடைத்துக்கொண்டு தள்ளினேன். பாதி தூரம் போய் மெத்தையில் இடித்த மாதிரி நின்றது. கையை விட்டதும் பின்னால் எழும்பி வந்தது. பழைய வாஷரோடு தள்ளியபோது கடைசிவரை போய் இரும்பில் முட்டியிருந்தது.

ஸ்பிரிங்கை அளவு சொல்லி வாங்கினேன்: கம்பித் தடிமன், வெளிவிட்டம், சுற்றுகள். இரண்டு முனையும் மட்டமாக்கிய ஸ்பிரிங் என்று கேட்டு வாங்க வேண்டும். பிஸ்டனின் கீறலை நுண்ணிய எமரித் தாளால் ஆற்றினேன். பிஸ்டன் உராயும் இடங்களில் மாலிப்டினம் கிரீஸ் கொஞ்சமே கொஞ்சம். வாஷருக்கு முன்னால் ஒரு சொட்டுகூடக் கிடையாது.

மாட்டும்போது பொறுமையைச் சோதித்தது விசைதான். இந்த மாடலில் பிஸ்டன் தண்டைப் பிடித்து நிறுத்துவது மூன்று எஃகுக் குண்டுமணிகள். கூண்டில் அவை உட்கார வேண்டிய துளைகளில் கெட்டியான கிரீஸ் அப்பி, ஒவ்வொன்றாகப் பதித்து, உறையை மேலே நழுவவிட வேண்டும். கிரீஸ் இல்லாமல் முயன்றால் ஒன்று உட்கார்வதற்குள் இன்னொன்று தரையில் உருளும். கீழே வெள்ளை வேட்டி விரித்துக்கொண்டு வேலை செய்தேன். அசலான குண்டுமணிகள் மூன்றும் தேய்வில்லாமல் பளபளவென்று இருந்ததைப் பார்த்தபோது, இதைச் செய்த கைகளின் மேல் மரியாதை வந்தது.

பேரல் மூடும் வாயில் இருக்கும் சின்ன வளையத்தையும் அதே தோலில் வெட்டி மாற்றினேன். அங்கே கசிவு இருக்கிறதா என்று பார்க்க, மூடும் இடத்தின் மேல் மெல்லிய டிஷ்யூ காகித நாடா ஒன்றைப் படரவிட்டுச் சுடலாம். காகிதம் துள்ளினால் கசிவு. முதலில் துள்ளியது. வளையத்துக்கு அடியில் காகிதக் கனத்தில் ஒரு பித்தளைத் தகடு வைத்த பிறகு அசையவில்லை.

தோலில் ஊறிய எண்ணெய் தீரும்வரை லேசாகப் புகைந்தது. அது நின்ற பிறகுதான் குரோனோகிராஃப் முன்னால் வைத்தேன். 182, 184, 183, 181, 183. ஆற்றல் சுமார் 9.2 ஜூல். சட்ட வரம்பில் பாதிகூட இல்லை, அட்டை சுட இது தாராளம். வேகத்தைவிட எனக்கு மகிழ்ச்சி தந்தது அந்த எண்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்றதுதான். பத்து மீட்டரில் மூட்டையின் மேல் வைத்துச் சுட்டதில் ஐந்து பெல்லட்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. போட்டி அட்டையின் பத்தாவது வளையம் வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. அங்கே நான் இன்னும் போகவில்லை, ஆனால் இனி துப்பாக்கியைக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கடைக்காரருக்குக் கழற்றிய ஸ்பிரிங்கையும் கருகிய வாஷரையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போனேன். அளவுகளை ஒரு தாளில் எழுதியிருந்தேன். சண்டை போடவில்லை. வாஷருக்கு வாங்கிய பணத்தைக் கேட்டேன், கொடுத்தார். ஸ்பிரிங் பணத்தைப் பிறகு தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நண்பரின் பன்னிரண்டு போர் துப்பாக்கி இன்னொரு கடையில் இன்னும் கிடக்கிறது. அதில் நான் கை வைக்க முடியாது. கொடுத்த தேதி, துப்பாக்கி எண், சொன்ன கோளாறு எல்லாவற்றையும் எழுதிக் கடைக்காரரின் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். என் மேசையில் அடுத்த வேலை பேரல் கீல். மூடிய நிலையில் பக்கவாட்டில் நூலளவு ஆடுகிறது. கீல் போல்ட்டின் பக்கத்து வாஷர்கள் தேய்ந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கழற்றி அளந்துவிட்டு, வழக்கமான லேத் பட்டறைக்கே போகிறேன்.