முன் ஃபோர்க் பொருத்தம்: கோத்தகிரி நாட்குறிப்பு

செப்டம்பர் 6, கோத்தகிரி

மலைச் சைக்கிளுக்கான ஃபிரேம் வந்துவிட்டது. ஸ்டீல் ஹார்ட்டெயில் (பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாதது), 29 அங்குலச் சக்கரம், 120 மி.மீ. டிராவலுக்கு, அதாவது ஃபோர்க் அமுங்கும் தூரத்துக்கு, வரைந்தது. முன்சக்கரத்தைப் பிடிக்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கைத் தேடுமுன் வெர்னியர் காலிப்பரை எடுக்க வேண்டும். ஃபிரேமின் முன்குழாயான ஹெட் ட்யூபின் உள்விட்டம் மேலும் கீழும் 44 மி.மீ. அதற்குள் போகும் ஃபோர்க்கின் மேல்தண்டுதான் ஸ்டீரர்: நேர் ஸ்டீரரும் போகும், கீழே தடித்த டேப்பர்டும் போகும். டேப்பர்டுக்குக் கீழ்க் கப் (பேரிங் உட்காரும் கிண்ணம்) வெளியே உட்காரும் வகையாக இருக்க வேண்டும். அது முன்பக்கத்தைச் சுமார் 12 மி.மீ. உயர்த்தும், ஃபிரேம் வரைபடத்தில் அந்த உயரம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உள்விட்டம் 34 மி.மீ. என்றால் டேப்பர்ட் நுழையவே நுழையாது.

செப்டம்பர் 9

டிராவலை மட்டும் கேட்டு ஃபோர்க் வாங்குகிறார்கள். வண்டியின் கோணத்தை மாற்றுவது மொத்த நீளம்: சக்கர ஆக்சிலின் நடுவிலிருந்து, கிரௌன் (ஃபோர்க்கின் இரு கால்களும் சேரும் தலை) மேல் பேரிங் வளையமான கிரௌன் ரேஸ் உட்காரும் இடம்வரை. 120 மி.மீ. டிராவல் உள்ள 29 அங்குல ஃபோர்க்குகளிலேயே இது ஏறத்தாழ 505 முதல் 525 மி.மீ. வரை மாறுகிறது. 10 மி.மீ. கூடினால் ஹெட் கோணம் ஏறக்குறைய அரை டிகிரி சாயும். 140 டிராவல் ஃபோர்க் போட்டால் ஒரு டிகிரி. சீட்டும் பின்னால் போகும். தேயிலைத் தோட்டத்துச் செங்குத்து ஏற்றங்களில் முன்சக்கரம் தூக்கும், ஹேண்டில் அலையும். இறக்கத்தில் கிடைக்கும் சுகத்துக்காக இதைக் கொடுப்பது இந்த ஊருக்குச் சரிப்படாது. 120தான், அதிலும் நீளம் குறைந்தது.

செப்டம்பர் 10

முன்ஹப் 15×110 பூஸ்ட்: ஆக்சில் விட்டம் 15, அகலம் 110 மி.மீ. ஃபோர்க்கும் அதுவே. பழைய 15×100 ஹப்பை பூஸ்ட் ஃபோர்க்கில் பக்கத்துக்கு 5 மி.மீ. ஸ்பேசர் வைத்து மாட்டலாம், டிஸ்க்குக்கும் 5 மி.மீ. தள்ளல் வேண்டும். பூஸ்ட் ஹப்பைப் பழைய ஃபோர்க்கில் மாட்ட வழியில்லை. 180 மி.மீ. டிஸ்க்குக்கு நேரடி பிரேக் மவுண்ட் உள்ள ஃபோர்க்கில் 160 டிஸ்க் பொருந்தாது. மேட்டுப்பாளையம்வரை நீண்டு இறங்கும் சாலைக்கு 180தான் நல்லது.

செப்டம்பர் 14, கோயம்புத்தூர்

பழைய ஃபோர்க் பார்க்கும்போது முதலில் அளக்க வேண்டியது ஸ்டீரர். ஹெட் ட்யூப் 120, கீழ்க் கப் 12, மேல் மூடி 8, ஸ்பேசர் 20, ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம் 40, ஆக 200 மி.மீ. ஸ்டெம் மேல்விளிம்புக்குக் கீழே 3 மி.மீ. விட வேண்டும், எனவே 197. ஸ்டீரரை 180-க்கு வெட்டிய ஃபோர்க் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஸ்டீரர் கிரௌனில் அழுத்திப் பொருத்தியது, நீட்ட முடியாது. ஸ்டாஞ்சனில் (கீழ்க்கால்களுக்குள் வழுக்கும் மேல்கால்) நகம் மாட்டும் கீறல் இருந்தால் சீல் அறுந்து எண்ணெய் கசியும்.

செப்டம்பர் 21, கோத்தகிரி

பொருத்தியதும் ஃபோர்க்கின் காற்றை முழுக்க இறக்கி, அதை அடிவரை அமுக்க வேண்டும். டயர் கிரௌனில் தொடக்கூடாது. ஐப்பசி மழையில் செம்மண் அப்புவதற்கும் இடம் வேண்டும். பிறகு ஹேண்டிலை இருபுறமும் முழுக்கத் திருப்ப வேண்டும். கிரௌன் மேலுள்ள திருகு ஃபிரேமின் கீழ்க்குழாயான டவுன் ட்யூபில் இடித்தால், ஒரே விழுதலில் ஃபிரேம் ஒடுங்கிவிடும்.

செப்டம்பர் 23

கோவையில் சர்வீஸ் செய்து பூட்டிய ஃபோர்க்கின் கீழ்க்கால்களில் சமவெளிக் காற்று அடைபட்டிருக்கும். ஊட்டி 2,240 மீட்டர். வெளிக்காற்று அழுத்தம் கோவையைவிட 2 முதல் 3 பிஎஸ்ஐ குறைவு. அதனால் சின்ன மேடுகளில் ஃபோர்க் முரடாகும், கடைசிச் சில மில்லிமீட்டர் கிடைக்காது. அடைபட்ட காற்றை வெளியேற்றும் பிளீட் பட்டன் இருந்தால் மலைக்கு வந்ததும் அழுத்தி விட வேண்டும். குளிரில் ஏர் ஸ்பிரிங்கின் அழுத்தமும் இறங்கும். ஆகவே சேக்கை (ஏறி உட்காரும்போது ஃபோர்க் அமுங்கும் அளவு) ஓட்டும் இடத்தில், ஓட்டும் நேரத்துக் குளிரிலேயே டிராவலில் 20 சதவீதத்துக்குச் சரிசெய்ய வேண்டும்.