கியர் பாக்ஸை இறக்கச் சொன்ன ஆயில் கசிவு: கண்டுபிடித்ததும் செலவழித்ததும்

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பத்துச் சக்கர லாரி. 2018 மாடல், பிஎஸ் 4 வண்டி. நாமக்கல்லில் இருந்து கர்நாடகா பக்கம் எந்த லோடு ஏற்றிப் போனாலும், திரும்பும்போது பெரும்பாலும் தாவணகெரே மக்காச்சோளம்தான், கோழித் தீவனத்துக்கு. அந்த வண்டியில் இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில், கிளட்சை மூடியிருக்கும் ஹவுசிங்குக்கு அடியில் ஆயில் சொட்ட ஆரம்பித்தது. அதற்கு எதையெல்லாம் பார்த்தோம், எதற்குப் பணம் கொடுத்தோம் என்று எழுதி வைக்கிறேன். ஒற்றை வண்டியை வைத்து டியூ கட்டுகிறவர்களுக்குப் பயன்படும்.

முதலில் காட்டிய பட்டறையில் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்ததுமே, "கிராங்க் பின் சீல் போச்சு, கியர் பாக்ஸ் இறக்கணும், இறக்குறதோட கிளட்ச் செட்டும் மாத்திடலாம்" என்றார்கள். மொத்தம் 58,000 ரூபாய். கிராங்க் ஷாஃப்டின் பின் முனையில் இன்ஜின் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்தான் அந்தப் பின் சீல். அவர்கள் சொன்ன இடம் தப்பென்று சொல்ல மாட்டேன். ஹவுசிங்கில் சொட்டினால் யாருக்கும் முதலில் தோன்றுவது அந்த சீல்தான். ஆனால் ஓடும் வண்டியில் ஆயில் காற்றோடு பின்னால் போகும், பிறகு கீழே வழியும். சொட்டுகிற இடமே கசிகிற இடமாக இருக்க வேண்டும் என்பதில்லை. இன்ஜின் முழுக்க ஆயிலும் மண்ணும் அப்பிக் கிடக்கும்போது டார்ச் வெளிச்சத்தில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

எங்கள் குடும்பத்து வண்டிகளை வெகுகாலமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் சொட்டிய ஆயிலை விரலில் எடுத்துத் தேய்த்து மோந்து பார்த்தார். கியர் ஆயில் கெட்டியாக, கந்தக வாடையோடு மூக்கில் ஏறும். அப்படி இருந்தால் கியர் பாக்ஸின் முன் சீல்தான் கசிகிறது. இது கறுப்பாக, கொஞ்சம் கருகிய வாசனையோடு இருந்தது. இன்ஜின் ஆயில்தான் என்பது தெரிந்துவிட்டது.

அப்புறம் கழுவச் சொன்னார். இன்ஜின் ஆறிய பிறகு ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார், வயரிங் சாக்கெட்டுகளைப் பாலிதீன் சுற்றி மூடி, டீசல் தொட்டு பிரஷ் போட்டு, அதன்பின் வாட்டர் சர்வீஸ். 600 ரூபாய். மொத்தச் செலவில் உருப்படியாகப் போன பணம் அதுதான் என்பேன். காய்ந்ததும் சந்தேகப்பட்ட இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவிட்டு, இன்ஜினை நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டோம். வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு ஒன்று மேலிருந்து இறங்கியது. கடைசி சிலிண்டர் பக்கம் டேப்பட் கவர், அதாவது இன்ஜினின் மேல் மூடி, அதன் பேக்கிங்கில் தொடங்கி, இன்ஜின் முதுகோடு வந்து ஹவுசிங்கில் விழுந்தது.

சரி, பேக்கிங் மாற்றினால் முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அண்ணன் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினார். வண்டி ஐடிலில் ஓடும்போதே அந்த மூடியைக் கவிழ்த்து வாய்மேல் சும்மா வைத்தார். மூடி தடதடவென்று ஆடி, ஒருபக்கமாக நகர்ந்து விழுந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. உள்ளே அவ்வளவு அழுத்தம் என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அது இன்ஜினையே பிரிக்கிற வேலை, லட்சத்தில் போகும். அவர் ஒன்றும் பேசாமல் கீழே படுத்து பிரீதர் குழாயைப் பார்த்தார். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடுகிற குழாய் அது. கீழ் முனையில் மண்ணும் ஆயில் பிசுக்கும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்திச் சுரண்டி எடுத்தார். மறுபடி மூடியைக் கவிழ்த்து வைத்தோம். லேசாகப் புகை வந்தது, மூடி நகரவில்லை.

"தம்பி, இதைப் பாக்காம சீலை மட்டும் மாத்தியிருந்தா, புது சீலும் தள்ளிக்கிட்டு வந்திருக்கும்" என்றார். ஆவி வெளியேற வழி இல்லாமல் போனால் அழுத்தம் ஏறி, பலவீனமான பேக்கிங், சீல் எதுவோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். இதை முதல் பட்டறையில் யாரும் பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம். பார்க்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

பேக்கிங்கும் பிரீதர் ஹோஸும் மாற்றிக்கொண்டு ஒரு நடை ஓட்டிப் பார்த்தோம். ஆயில் குறைவதைச் சமதரையில், இன்ஜின் அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டு டிப்ஸ்டிக்கில் பார்த்து, கிலோமீட்டரோடு எழுதி வைக்கும்படி டிரைவரிடம் சொல்லியிருந்தேன். கசிவு வெகுவாகக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. ஹவுசிங்கின் அடித்துளை வழியாக இன்னும் ஈரம். மேலே எல்லாம் காய்ந்திருந்ததால் இப்போது சந்தேகமே இல்லை. பின் சீலும் கசிந்துகொண்டுதான் இருந்தது.

அதனால் கியர் பாக்ஸ் இறங்கியது. கிராங்க் ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் வருடிப் பார்த்தார். பள்ளம் விழுந்திருந்தால் நகம் மாட்டும், அப்போது அதன்மேல் ஸ்லீவ் என்கிற மெல்லிய உறை போட வேண்டும். எங்கள் வண்டியில் மாட்டவில்லை. புது சீல் டெஃப்ளான் வகை. அதன் உதட்டில் ஆயில், கிரீஸ் எதுவும் தடவக் கூடாது, விரலும் படக் கூடாது, சுத்தமான ஷாஃப்டில் காய்ந்தபடியே கைடு வைத்து ஏற்ற வேண்டும். பழைய ரப்பர் சீல் பழக்கத்தில் ஆயில் தடவி ஏற்றிப் பாழாக்குவது பட்டறைகளில் நடக்கிறது, கூடவே நின்று பாருங்கள்.

கிளட்ச் செட்டை மாற்றவில்லை. லோடோடு தொப்பூர் ஏற்றத்தில் சறுக்காமல் இழுத்ததாக டிரைவர் சொல்லியிருந்தார். கழற்றிப் பார்த்தபோதும் பிளேட்டில் ஆயில் ஏறவில்லை, ரிவெட்டுக்கு மேல் தடிமன் நன்றாகவே இருந்தது. பிளேட் ஆயிலில் ஊறியிருந்தால் யோசிக்காமல் மாற்றியிருப்பேன். ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் இரண்டை மட்டும் மாற்றினோம். அவற்றுக்காக மறுபடி கியர் பாக்ஸ் இறக்கினால் கூலியே பொருளைவிட அதிகமாகிவிடும்.

கணக்கு இதுதான்: வாட்டர் சர்வீஸ் 600, டேப்பட் கவர் பேக்கிங் 850, பிரீதர் ஹோஸ் 450, பின் சீல் 2,200, பேரிங்குகள் 3,400, கூலி 9,500. ஆக மொத்தம் 17,000 ரூபாய். ஆயில் மாற்றும் கிலோமீட்டரும் நெருங்கியிருந்ததால் அதையும் சேர்த்தே மாற்றினோம், அது தனி. சாமான்களை நானே ஸ்பேர் கடையில் பில்லோடு வாங்கினேன். 28 சதவீதமாக இருந்த உதிரிபாக ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் கேளுங்கள். கூலியை வேலைக்கு முன்பே தனியாகப் பேசி எழுதி வாங்கிக்கொண்டோம், அதனால் கடைசியில் பேச்சு வார்த்தை எதுவும் இல்லை.

இப்போது ஹவுசிங் காய்ந்திருக்கிறது. சேம்பர், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி, அதன் பேக்கிங்கில் ஓர் ஓரம் மட்டும் லேசாக வேர்க்கிறது, சொட்டவில்லை. அதை அடுத்த ஆயில் மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அண்ணனும் நானும் விட்டிருக்கிறோம்.