வரைந்த பிறகு திரை

2018-19ஆம் கல்வியாண்டில் தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்புக்குப் புதிய கணக்குப் புத்தகம் வந்தபோது, பக்கங்களில் க்யூஆர் குறியீடும் ‘இணையச் செயல்பாடு’ என்ற பகுதியும் சேர்ந்தே வந்தன. பிறகு அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் என்ற கணினி ஆய்வகமும் வந்தது. இவை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பாடத்தின் எந்த இடத்தில் திரையைத் திறப்பது என்பதைத்தான் கணக்கு ஆசிரியர்கள் கூடிப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

வட்டப் பாடத்தில் ஒரு தேற்றம் உண்டு. ஒரு வில் வட்ட மையத்தில் தாங்கும் கோணம், அதே வில் பரிதியின் எஞ்சிய பகுதியில் தாங்கும் கோணத்தைப் போல இருமடங்கு. 2001இல் ஆஸ்திரியாவில் மார்கஸ் ஹோகன்வார்ட்டர் உருவாக்கத் தொடங்கிய ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் இதைக் காட்டுவது மிக எளிது. பரிதியின் அந்த எஞ்சிய பகுதிக்குள் புள்ளியை இழுத்துக்கொண்டே போனால், மையக் கோணம் 100 பாகையாகவும் பரிதிக் கோணம் 50 பாகையாகவும் அசையாமல் நிற்கும். பிள்ளைகள் உடனே ஒப்புக்கொள்வார்கள். ஆனால் ஏன் அப்படி என்று கேட்டால், “கம்ப்யூட்டர்ல அப்படித்தான் சார் வந்துச்சு” என்பதற்கு மேல் எதுவும் வராது. கண்ணால் பார்த்துவிட்டதாலேயே அவர்களுக்குக் காரணம் தேவைப்படாமல் போய்விடுகிறது.

எனவே என் வகுப்பில் முதலில் நோட்டும் கவராயமும் கோணமானியும்தான். ஒவ்வொரு குழுவும் தன் விருப்பப்படி ஒரு நாணை வரைந்து, இரண்டு கோணங்களையும் அளந்து, தான் கண்டதை ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். அளவுகள் ஒருபோதும் அச்சாக வராது. ஒரு குழுவுக்கு 48உம் 97உம் வரும். அடுத்த பெஞ்சில் 61உம் 121உம். இருமடங்குதானா, கிட்டத்தட்ட இருமடங்கா என்று அங்கே மூளும் சச்சரவை நான் அவசரப்பட்டு அடக்குவதில்லை. பென்சில் முனை தடிமன் என்று ஒருவர் சொல்வார், மையம் நகர்ந்துவிட்டது என்று இன்னொருவர் சொல்வார். எத்தனை முறை அளந்தாலும் இந்த வழக்கு தீராது என்று அவர்களுக்கே தெரியவரும்போது, நிரூபணத்துக்கான பசி பிறந்துவிடுகிறது.

பரிதிப் புள்ளியிலிருந்து மையம் வழியாக ஒரு கோட்டை நீட்டினால் இரண்டு இருசமபக்க முக்கோணங்கள் கிடைக்கும். அவற்றின் வெளிக்கோணங்களைக் கூட்டினால் தேற்றம் கையில். இதைக் கரும்பலகையில் பிள்ளைகளே செய்து முடித்த பிறகுதான் திரை.

திரையின் உண்மையான பயன் அங்கேதான் தொடங்குகிறது. கோணத்தை 180 பாகைக்குள் காட்டும்படி அமைத்துக்கொண்டு, புள்ளியை மெல்ல நகர்த்தி நாணின் முனையைத் தாண்டி எதிர்ப்பக்க வில்லுக்குள் கொண்டுபோனால், அதுவரை 50ஆக இருந்த கோணம் சட்டென்று 130 ஆகிவிடும். “சார், தேற்றம் தப்பு!” என்று வகுப்பே கூவும். நான் பதில் சொல்வதில்லை. இப்போது எந்த வில் மையத்தில் கோணம் தாங்குகிறது என்று மட்டும் கேட்பேன். கடைசி வரிசையில் பெரும்பாலும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவி ஒருமுறை எழுந்துவந்து, மையத்தின் மறுபக்கத்தில் விரலால் பெரிய கோணத்தைச் சுற்றிக் காட்டி, “அந்தப் பக்கம் 260 இருக்கு சார், அதுல பாதி” என்றாள். பின்வளைக் கோணம் என்ற சொல் அன்று அவளுக்குத் தேவைப்படவில்லை.

கையால் வரையும்போது எதிர்ப்பக்கத்தில் புள்ளி வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. புத்தகப் படமும் பழக்கமும் புள்ளியை மேலேயே நிறுத்திவிடுகின்றன. புள்ளியைத் தடையின்றி நகர்த்திக் காட்டும் வசதி திரைக்குத்தான் உண்டு. கரும்பலகை தர முடியாததைத் தரும் அந்த ஓரிரு நிமிடங்களுக்காகத்தான் நான் ஹைடெக் லேபைக் கேட்டு வாங்குகிறேன். வீட்டில் உள்ள ஒரே கைப்பேசி அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் பிள்ளைகளுக்கு, க்யூஆர் காணொளியை வீட்டுப்பாடமாகக் கொடுப்பதில் நியாயமில்லை. அதையும் பள்ளியிலேயே முடித்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் ஒரு பாடவேளை போதாது. கால அட்டவணை போடும்போதே கணக்குக்கு வாரத்தில் ஒருநாளாவது அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகளை ஒதுக்கித் தரும்படி தலைமையாசிரியரிடம் கேட்டுப் பெறுவது, லேபில் இன்னொரு கணினியைக் கேட்பதைவிட அவசரமான வேலை.