வாரண்ட் எங்கே சார்?

ஒரு க்ரைம் தொடர் தேறுமா தேறாதா என்பது முதல் இரண்டு எபிசோடிலேயே தெரிந்துவிடும். கொலை எவ்வளவு கோரம், ட்விஸ்ட் எத்தனை என்றெல்லாம் எண்ண வேண்டாம். விசாரிக்கிறவருக்கு ஏதாவது ஒன்று கிடைக்காமல் போகிறதா என்று மட்டும் பாருங்கள். வாரண்ட், ஆள்பலம், மேலதிகாரியின் கையெழுத்து, லேப் ரிப்போர்ட், எதுவாகவும் இருக்கலாம். கேட்டதெல்லாம் கேட்ட மாத்திரத்தில் கைக்கு வந்துவிட்டால் கதையை நகர்த்த வேறு வழியிருக்காது. இருபது நிமிடத்துக்கு ஒரு துரத்தலோ கடத்தலோ வந்து நிற்கும்.

இந்த விஷயத்தில் ‘தி வயர்’ தொடரை (எச்பிஓ, 2002–2008, 5 சீசன், 60 எபிசோட்) மிஞ்ச இன்னும் ஆளில்லை. உருவாக்கிய டேவிட் சைமன் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பத்திரிகைச் செய்தியாளராக இருந்தவர். கூட எழுதிய எட் பர்ன்ஸ் அதே ஊர்ப் போலீசில் கொலை வழக்குகளை விசாரித்தவர். போதை விற்கும் கும்பலின் போனைப் போலீஸ் ஒட்டுக்கேட்பதைச் சுற்றியே கதை என்றாலும் முதல் சீசனில் அது தொடங்குவதற்குள் கிட்டத்தட்டப் பாதி எபிசோடுகள் ஓடிவிடுகின்றன. தாமதத்துக்குக் காரணம் சட்டம். 1968-ல் வந்த அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, மற்ற வழிகளில் முயன்றும் பலனில்லை, அல்லது முயன்றாலும் பலனிருக்காது என்று நீதிபதியிடம் காட்டினால்தான் ஒட்டுக்கேட்க அனுமதி. அதுவும் ஒரு முறைக்கு அதிகபட்சம் 30 நாள். நீட்டிக்க வேண்டுமென்றால் மறுபடி மனு. வழக்குக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று தெரிந்தால் கேட்பதை நிறுத்திவிட வேண்டும்.

அந்தக் கடைசி விதியை வைத்தே எத்தனை காட்சிகள்! கும்பல் பேசுவது பொதுத் தொலைபேசியில். அதில் யார் வேண்டுமானாலும் பேசலாம். அதனால் எதிர்மாடியில் ஒருவர் கேமராவோடு உட்கார்ந்து, இப்போது ரிசீவரை எடுத்தது தேடப்படும் ஆள்தான் என்று சொல்ல வேண்டும். மாடியில் ஆள் இல்லாத நேரத்தில் வந்த அழைப்பு வீண்தான். துப்பாக்கியே இல்லாமல், ஒரு மொட்டைமாடியையும் ஒரு போனையும் வைத்துக்கொண்டு பதற வைக்கிறார்கள்.

பேஜர் (கூப்பிட வேண்டிய எண்ணைக் காட்டும் சின்னக் கருவி) ரகசியமும் அப்படித்தான். பேஜரில் வரும் எண்ணைச் சுழற்றினால் எந்தப் போனும் கிடைக்காது. கீபேடில் நடுவிலிருக்கும் 5-ஐத் தாண்டி எதிர்ப்பக்க எண்ணை எடுக்க வேண்டும்: 1 என்றால் 9, 2 என்றால் 8, 3 என்றால் 7, 4 என்றால் 6. 5-ம் 0-வும் இடம் மாறும். கணக்கில் புலி என்று யாரும் தேவையில்லை, போதை விற்கும் பையன் தெருமுனையில் நின்றபடி ஒரு நொடியில் போட்டுவிடலாம். குற்றவாளிகள் கையாளும் முறை இப்படி எளிதாக இருந்தால்தான் நம்ப முடிகிறது. பத்து இலக்கச் சங்கேதத்தை ரத்தத்தால் சுவரில் எழுதி வைக்கும் மேதாவிக் கொலைகாரனைப் பார்த்தால் எனக்குக் கொட்டாவிதான் வருகிறது.

மூன்றாவது சீசனில் கும்பல் தூக்கிப்போடும் செல்போனுக்கு மாறுகிறது. நீதிமன்ற அனுமதி வருவதற்குள் போன் குப்பைக்குப் போய்விடும். வாங்கும் வேலைக்கென்று ஓர் ஆள், ஒரு கடையில் இரண்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. அலைச்சல் அலுத்து அந்த உத்தரவு மீறப்படும்போதுதான் போலீசுக்கு வழி பிறக்கிறது. பிறகு போலீசே விற்பவர் வேடம் போட்டு, ஒட்டுக்கேட்க ஏற்பாடு செய்த போன்களை அவர்கள் தலையில் கட்டுகிறது. வழக்கை உடைத்தது ஒருவனின் சோம்பல். நிஜத்திலும் பெரும்பாலும் அப்படித்தானே?

இதே தொடர் ஐந்தாவது சீசனில் சறுக்குகிறது. நிதி கிடைக்காத துப்பறிவாளர் இல்லாத தொடர்கொலைகாரனை இருப்பதாக ஜோடிக்கிறார். காரணம் பொருத்தமானதுதான். ஆனால் முதல் நான்கு சீசனிலும் எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டை போட்ட அதே இலாகா, இந்தப் பொய்க்கு மட்டும் இத்தனை சுலபமாக வழிவிடுவது உறுத்துகிறது.

சரி, மற்ற தொடர்களின் போன் காட்சிக்கு வருவோம். “இன்னும் 30 செகண்ட் பேச வையுங்கள், ட்ரேஸ் ஆகிவிடும்.” எந்திர எக்ஸ்சேஞ்ச் காலத்தில் இது உண்மை. இணைப்பு எந்தெந்த சுவிட்ச் வழியாக வருகிறது என்று ஊழியர்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர வேண்டும், அதற்குள் எதிர்முனையில் வைத்துவிட்டால் தடயம் போச்சு. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சில் அழைப்பு விழுந்ததுமே எண் பதிவாகிவிடும். செல்போன் என்றாலோ, ஒற்றை டவரை வைத்து ஒரு பகுதியைச் சொல்லலாமே தவிர, வீட்டு வாசலில் சிவப்புப் புள்ளி மின்னாது.

தடயவியலில் சுற்றும் பூக்களை எண்ணி மாளாது. இரண்டு மட்டும் சொல்கிறேன். பிணத்தைப் பார்த்த டாக்டர் “இரவு 10.15-க்குச் செத்திருக்கிறார்” என்றால் சேனலை மாற்றிவிடலாம். உடல் வெப்பத்தையும் சுற்றுப்புற வெப்பத்தையும் எடையையும் சேர்த்துக் கணக்கிடும் ஹென்ஸ்கே முறையிலேயே, நல்ல சூழலில்கூட 2.8 மணி நேரம் முன்னே பின்னே இருக்கும். சந்தேகத்துக்கு ஆளானவரின் அலிபி (அப்போது வேறிடத்தில் இருந்தேன் என்பதற்கான சான்று) அந்த இடைவெளிக்குள் பாதி உள்ளே, பாதி வெளியே விழுவதுதான் நல்ல கதை. அடுத்தது லுமினால், ரத்தக்கறையைத் தேடத் தெளிக்கும் ரசாயனம். இருட்டில் நீலமாக ஒளிர்ந்ததும் “ரத்தம்!” என்று கத்துகிறார்கள். ப்ளீச் ஊற்றித் துடைத்த தரையும் ஒளிரும். ஒளிர்ந்தால் அடுத்த சோதனைக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

விசாரணை அறைக்கு ‘லைன் ஆஃப் டியூட்டி’ (பிபிசி, 2012–2021). போலீஸ்காரர்களையே விசாரிக்கும் ஊழல் தடுப்புப் பிரிவின் கதை. ரெக்கார்டரின் அந்த நீண்ட பீப், மேசைமேல் ஒவ்வொன்றாக நகர்த்தப்படும் ஆவணங்கள், தன்னைவிட ஒரு பதவியாவது மேலே இருப்பவர்தான் விசாரிக்க வேண்டும் என்று போலீஸ்காரரே கேட்கும் உரிமை. அந்தப் பதவி விதியை ஆயுதமாக்கத் தெரிந்த எழுத்தாளருக்குக் கன்னத்தில் அறையும் இன்ஸ்பெக்டர் தேவைப்படவில்லை.

உளவுத் தொடர்களில் இதே அளவுகோல் இன்னும் கறாராகப் பொருந்தும். உளவாளியின் வேலையில் பெரும்பகுதி, யாரையும் சந்திக்காமலே பொருளைக் கைமாற்றுவது. பொருளை வைக்கும் இடம் ஒன்று, வைத்தாயிற்று என்று அடையாளம் காட்டும் இடம் வேறு, எடுத்தாயிற்று என்பதற்கு மறு அடையாளம். இரண்டு இடமும் தள்ளித்தள்ளி இருப்பதற்குக் காரணம் உண்டு: அடையாளத்தைப் பார்க்கிறவர் தினமும் அந்த வழியாக இயல்பாகப் போய்வரலாம், பொருள் இருக்கும் இடத்துக்கு ஒரே ஒரு தடவை போனால் போதும். 1994-ல் கைதான சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் வாஷிங்டனில் ஒரு தபால் பெட்டியில் சாக்பீஸ் கோடு போட்டுத்தான் ரஷ்யர்களுக்குத் தகவல் சொன்னார். எஃப்பிஐயின் ராபர்ட் ஹான்சன் 2001-ல் பிடிபட்டது வர்ஜீனியாவில் ஒரு பூங்காவில், நடைபாலத்துக்கு அடியில் பொட்டலத்தை வைத்த கையோடு. அடையாளம், பூங்காப் பலகையில் ஒட்டிய வெள்ளை டேப். சாக்பீஸும் டேப்பும் போதுமாக இருந்த தொழிலில், கண்ணாடிக்குள் திரை ஒளிரும் கதாநாயகன் எதற்கு?

பின்தொடர்தல் காட்சிகளிலும் இதே கோளாறு. ஒரே கார், இரண்டு வண்டி இடைவெளி, கடைசிவரை ஒட்டிக்கொண்டே போகும். நிஜத்தில் அது ஒரு குழுவின் வேலை, முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். தப்பிக்கிறவரும் ஓடக்கூடாது. ஓடினால் தான் யார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். மணிக்கணக்காகச் சாதாரண வேலைகளைச் செய்தபடி, சம்பந்தமில்லாத இரண்டு இடங்களில் ஒரே முகம் தென்படுகிறதா என்று கவனிப்பார். சந்தேகம் வந்தால் சந்திப்பை ரத்து செய்துவிட்டு வீட்டுக்குப் போவார். அப்படி வெறுங்கையோடு வீடு திரும்பும் காட்சியைத் துணிந்து வைக்கிற தொடரை நம்பி உட்காரலாம்.

‘தி அமெரிக்கன்ஸ்’ (2013–2018) அந்த ரகம். உருவாக்கிய ஜோ வைஸ்பெர்க் முன்னாள் சிஐஏ அதிகாரி. விக்கை மாற்றினால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்பதை மட்டும் அளவுக்கு மீறி நம்பச் சொல்கிறார்கள், அதை மன்னித்துவிடலாம். ஏனென்றால் கடைசி எபிசோடில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் சுமார் பத்து நிமிடம் பேச்சை மட்டும் வைத்தே கழுத்தை நெரிக்கிறார்கள். ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை.

பிரெஞ்சுத் தொடரான ‘லெ பியூரோ’ (2015–2020, 50 எபிசோட்) பார்ப்பதாக இருந்தால் டப்பிங்கைத் தொடாதீர்கள். அதில் பிரெஞ்சு, அரபி, பாரசீகம் என்று மாறி மாறிப் பேசுகிறார்கள். யாருக்கு எந்த மொழி தெரியும், யார் தெரியாததுபோல் நடிக்கிறார்கள் என்பதிலேயே பாதிக் காட்சிகள் நிற்கின்றன. டப்பிங்கில் எல்லாரும் ஒரே மொழி பேசும்போது அந்தக் காட்சிகள் சப்பென்று ஆகிவிடும். மூல ஒலியில், சப்டைட்டிலோடு பாருங்கள். முதல் மூன்று எபிசோடுக்குப் போனை வேறு அறையில் வைத்துவிடுவது நல்லது, பெயர்கள் ஏகப்பட்டது.