மாவுக்கட்டு

அக்டோபர் 9
முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் கழித்து மறுபடி எடுத்தால் விரிசல். ஸ்கேஃபாய்டாம். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டுக்குள், முந்திரிப்பருப்பு மாதிரி ஒரு எலும்பு. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, சேர நாளாகும். எட்டு வாரம், பன்னிரண்டும் ஆகலாம் என்றார் டாக்டர். கிளப்போடு என் கோல்கீப்பர் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது என்று அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அக்டோபர் 10
கட்டுக்குள் அரிக்கிறது. அளவுகோல் உள்ளே போகவில்லை.

அக்டோபர் 14
2006-ல் இதே நாளில்தான் செல்சி கோல்கீப்பர் பெட்டர் செக்குக்கு மண்டை எலும்பு உடைந்தது. ஜனவரியில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு வந்து நின்றுவிட்டார். மண்டைக்கே மூன்று மாதம். என் முந்திரிப்பருப்புக்கும் மூன்று மாதமாம்.

அந்த நியர் போஸ்ட், பந்து வந்த பக்கத்துக் கம்பம். கோல் அகலம் 7.32 மீட்டர், அதில் நான் காலி விட்டது ஒரு முழம் இருக்குமா? அங்கேதான் அடித்தான். கையை ஊன்றி விழுந்தேன், கையும் போச்சு, கோலும் போச்சு.

அக்டோபர் 19
மேட்ச் பார்க்கப் போனேன். போயிருக்கக் கூடாது. என் இடத்தில் நிற்கிற பையனுக்கு 19 வயது, வியாசர்பாடி, என் தெருவுக்கு அடுத்த தெரு. அவன் பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் நானும் எண்ணுகிறேன். இப்போது எட்டு நொடி தாண்டினால் எதிரணிக்கு கார்னர், கடைசி ஐந்தை ரெஃபரி கையைத் தூக்கிக் காட்டுகிறார். ஆறு நொடி என்று சட்டம் இருந்த காலத்தில் யார் எண்ணினார்கள், நானெல்லாம் பந்தைக் கட்டிப்பிடித்துத் தூங்கியிருக்கிறேன்.

இரண்டாம் பாதியில் ஓரத்திலிருந்து வந்த ஒரு கிராஸை நழுவவிட்டான். எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. டீமில் மற்ற எந்த இடத்துக்கும் சுற்றிவர ஆளை மாற்றலாம், கோல்கீப்பருக்கு ஒரே இடம். ஒருத்தன் விழுந்தால்தான் இன்னொருத்தன் நிற்கலாம், நானும் அப்படி வந்தவன்தான். இருந்தாலும் இரவெல்லாம் தூக்கமில்லை.

அக்டோபர் 27
மழை. மேட்ச் தள்ளிவைப்பு. நல்லது.

நவம்பர் 3
அம்மா கையுறையைத் துவைத்து மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டுவிட்டாள். உள்ளங்கை ரப்பர் வெடித்துவிட்டது, நிழலில் உலர்த்த வேண்டிய சாமான். கத்திவிட்டேன். "நாத்தம் தாங்கலடா, இனிமே எதுக்குன்னு நினைச்சேன்" என்றாள். இனிமே எதுக்கு. 1982-ல் உலகக் கோப்பையைத் தூக்கும்போது இத்தாலி கோல்கீப்பர் டினோ ஜோஃபுக்கு வயது 40 என்றேன். "அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்றாள்.

நவம்பர் 16
பையன் போன் பண்ணினான். "அண்ணா, பெனால்டிக்கு எப்ப குதிக்கணும்?" மணிக்கு 100 கிலோமீட்டரில் வருகிற பந்து 11 மீட்டரைக் கடக்க அரை நொடிகூட ஆகாது, பார்த்துவிட்டுக் குதித்தால் வலைக்குள்தான் பந்தைத் தேட வேண்டும். ஊன்றுகிற காலைப் பார், அது எந்தப் பக்கம் திரும்புகிறதோ பெரும்பாலும் பந்தும் அங்கேதான் என்றேன். அரைமணி நேரம் பேசினோம். நியர் போஸ்ட்டைப் பற்றி மட்டும் அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டிசம்பர் 5
கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து, வெளுத்து, யாருடைய கையோ மாதிரி இருக்கிறது. வீட்டுக்கு வந்து டென்னிஸ் பந்தைச் சுவரில் அடித்துப் பிடித்தேன். பதினோரு தடவை. பன்னிரண்டாவது