கஜா நினைவுகள்: தண்ணீரும் தென்னையும்

16 நவம்பர் 2023

கஜா புயல் அடித்து இன்றோடு ஐந்து வருஷம். 2018இல் இதே தேதி விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை வரை உள்ளே புகுந்து அடித்தது. பட்டுக்கோட்டை நண்பனுக்கு அன்று முழுக்கப் போன் போகவில்லை. கையில் கிடைத்த அரிசி, ரொட்டி, மெழுகுவர்த்தியை வேனில் ஏற்றிக்கொண்டு திருச்சியிலிருந்து கிளம்பினோம். ஒரத்தநாடு தாண்டியபின் இரண்டு பக்கமும் தோப்புத் தோப்பாகத் தென்னை படுத்துக் கிடந்தது. நின்ற மரங்களிலும் பாதிக்குக் கொண்டை முறுக்கிப் பிய்ந்திருந்தது.

18 நவம்பர்

அப்போது நிவாரணம் ஏற்றி வந்த வண்டியெல்லாம் மெயின் ரோட்டு ஊர்களிலேயே காலியாகிவிடும். உள்ளே போகும் சாலைகளில் மரமும் கம்பமும் குறுக்கே கிடந்தன. அதனால் உள்கிராமத்து ஜனங்கள் ரோட்டுக்கு வந்து வண்டியை மறித்தார்கள். அதை வழிப்பறி என்று பேசியவர்களிடம் அப்போதும் சண்டை போட்டேன், இப்போதும் போடுவேன். பச்சைப் பிள்ளைக்குப் பாலில்லாமல் நிற்பவர்கள் வேறென்ன செய்வார்கள்?

பேராவூரணிக்குத் தெற்கே ஒரு ஊரில் ஓர் அக்கா வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அரிசி கெடக்கு தம்பி. கரண்டு இல்லாம தண்ணிதான் ஏறல. ஜெனரேட்டர் ஒண்ணு கொண்டாந்தா புண்ணியமாப் போவும்."

கூடுதல் வாடகை கேட்டார்கள். கொடுத்து எடுத்து வந்தோம். பஞ்சாயத்து போர் மோட்டாரில் இணைப்புக் கொடுத்ததும் குழாய் முதலில் காற்றைக் கக்கியது, பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம், அப்புறம் தெளிந்தது. டேங்க் ஆபரேட்டர் மேலே ஏறி நின்று எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கையால் அளந்து காட்டிக்கொண்டே இருந்தார். கீழே குடங்கள் வரிசை. பக்கத்தில் ஒரு பலகையில் ஊரின் செல்போன்கள் எல்லாம் சார்ஜுக்குக் கிடந்தன. நாங்கள் செய்த வேலையில் உருப்படியானது இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு தொட்டி நிரம்பியதும் அடுத்த ஊர், டீசல் இருக்கும்வரை.

பழைய துணி மூட்டைகள் மட்டும் யாருக்கும் வேண்டாமல் பள்ளிக்கூடத் திண்ணைகளில் நனைந்து கிடந்தன. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. தார்ப்பாய் கேட்ட வீட்டுக்குக் கிழிந்த சட்டையை நீட்டுவதா?

23 நவம்பர்

மின்வாரிய ஊழியர்களைப் பற்றி எழுதாமல் விடக்கூடாது. ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் சாய்ந்திருந்தன. வெளிமாவட்டங்களிலிருந்தும் கேரளா, ஆந்திராவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சம்பா வயலில் முழங்கால் சேற்றில், கிரேன் போக முடியாத இடத்தில், கம்பத்தைத் தோளிலேயே தூக்கிப் போனார்கள். அவர்களுக்குச் சோறு போட ஊர்கள் போட்டி போட்டன, வீடு இடிந்தவர்கள் உட்பட.

2 டிசம்பர்

2018 டிசம்பரில் நிவாரண வண்டிகள் குறைந்துவிட்டன. விழுந்த மரங்கள் அப்படியே கிடந்தன. அரசு ஒரு மரத்துக்கு 600 ரூபாய் இழப்பீடு, வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் அறிவித்தது. மிஷின் ரம்பக்காரர் கூலி, டிராக்டர் வாடகை எல்லாம் ஏறிக் கிடந்த நேரம் அது. அடிமரத்தை மட்க விட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டை வைத்துப் பெருகும். பிறகு நடும் கன்றின் குருத்தையும் அதுவே துளைக்கும். நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். தோப்புக்காரர் ஒருவர் மோட்டார் கொட்டகைச் சுவரில் சாய்ந்தபடி, "எனக்கு இப்ப அறுபத்தெட்டு, தம்பி" என்று மட்டும் சொன்னார். மரம் அகற்ற ஆளும் ரம்பமும் கொண்டுவந்த சில இளைஞர்களை அவர் கையெடுத்துக் கும்பிட்டதை நான் பார்த்தேன்.

19 டிசம்பர் 2023

இப்போது தூத்துக்குடி, நெல்லையில் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. காலையிலிருந்து நண்பர்கள் என்ன அனுப்பலாம் என்று கேட்கிறார்கள். பழைய துணி வேண்டவே வேண்டாம். தண்ணீர் கேன், பால் பவுடர், நாப்கின், தார்ப்பாய், கொசுவர்த்தி கொடுங்கள். ஜெனரேட்டர் வாடகைக்கும் டீசலுக்கும் பணமாகத் தந்தால் இன்னும் நல்லது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் உள்ளே போக வழி தெரிந்த உள்ளூர்ப் பையன்களிடம் பேசிவிட்டோம். ஜனவரியிலும் போவோம், வாழைத்தோட்டங்களில் அப்போதும் வேலை இருக்கும்.