படை இல்லாத நாட்டின் பாடம்

"படையே இல்லாத நாடு படைக்குப் பயிற்சி கொடுக்கிறதாம், சின்னம்மா" என்று அக்காவின் மகன் சிரித்துக்கொண்டு வந்தபோது, நான் முற்றத்தில் சப்பாத்தில் ஒட்டிய கிரவல் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவன் சொன்னது ஐஸ்லாந்தை. 1949இல் நேட்டோ இராணுவக் கூட்டணி தொடங்கியபோதே உறுப்பு நாடானாலும் அதற்கு இராணுவம் கிடையாது. மக்கள்தொகை நான்கு இலட்சத்தை ஒட்டித்தான்; 2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியின் நான்கு மாவட்டங்களிலும் நாங்களே 4.7 இலட்சத்துக்கு மேல். அந்த நாடு 2023இல் நோர்வேயுடன் சேர்ந்து, லித்துவேனியாவில் வைத்து, உக்ரைன் படையினருக்கு வெடிபொருட்களைச் செயலிழக்கச் செய்யப் பழக்கியது. இப்போது உக்ரைனின் கண்ணிவெடி அகற்றலுக்கு உதவும் நாடுகளின் கூட்டணியை லித்துவேனியாவும் அதுவும் சேர்ந்தே நடத்துகின்றன.

அவனுக்கு அது வேடிக்கை. மிதிவெடி அகற்றும் வேலையில் பதினைந்து வருடம் முழங்கால் தேய்ந்த எனக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை. ஐஸ்லாந்தில் வெடிபொருள் பிரிவு கரையோரக் காவல் படைக்குள் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியரும் அமெரிக்கரும் அங்கே நிலைகொண்டு விட்டுப்போன குண்டுகளையும், கடலில் மிதந்து வந்த கண்ணிகளையும் எடுத்து எடுத்தே அவர்கள் தொழில் பழகினார்கள். பிறர் விட்டுப்போனதைப் பொறுக்குகிறவர்களுக்கு இந்த வேலை நன்றாக வரும். நாங்களும் அந்த ரகம்தான்.

ஐஸ்லாந்துக்காரரை நான் சிறுமியாக இருந்தபோதே கண்டிருக்கலாம். போர்நிறுத்தக் காலத்தில் கிளிநொச்சி வீதியில் கண்காணிப்புக் குழுவின் வெள்ளை வாகனங்கள் போகும். உள்ளே யார் இருந்தாலும் எங்களுக்கு 'நோர்வேக்காரர்'தான். உண்மையில் அந்தக் குழுவில் ஐந்து நாட்டவர் இருந்தார்கள். 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்த பிறகு சுவீடன், டென்மார்க், பின்லாந்துக்காரர் வெளியேற, நோர்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் மிஞ்சின. 2008 ஜனவரியில் அவர்களும் போனார்கள். அதன்பின் நடந்ததை இங்கே நான் எழுதத் தேவையில்லை.

2010இல் வேலையில் சேர்ந்தபோது எங்களுக்குப் பழக்க வந்தவரும் ஒரு வெள்ளைக்காரர், முன்னாள் படைப் பொறியியலாளர். முதல் வாரம் முழுக்க அவர் சொல்லித் தந்தது எப்படிக் குந்துவது, எப்படி எழுவது, எழும்போது கை எங்கே ஊன்றக்கூடாது என்பதுதான். பயிற்சி நிலத்தில் வெடிமருந்து நீக்கிய மிதிவெடிக் கூடுகளைப் புதைத்துவிட்டு, ஆளுக்கொரு துண்டு நிலம் பிரித்துத் தந்தார். எங்களில் ஒரு பெடியன் மற்றவர்கள் பாதி முடிக்க முன்பே எழுந்து நின்றான். அவர் போய், அவன் வாரியிருந்த இடத்தில் கையை விட்டு, ஒரு கூட்டை எடுத்து அவன் மடியில் வைத்தார். ஒரு சொல் பேசவில்லை. அன்று பொழுதுபடும் வரை அவன் அதை மடியில் வைத்துக்கொண்டே இருந்தான்.

எங்கள் மண், உலோகம் தேடும் டிடெக்டரை ஏமாற்றும். கிரவலில் உள்ள இரும்புக்கே அது கத்தும். மிதிவெடியிலோ உலோகம் ஊசியளவு. அதனால்தான் பல இடங்களில் ரேக்கை நம்பி, மண்ணை அடுக்கடுக்காக வாரி இழுக்கிறோம். முகக்கவசத்துக்குள் வியர்வை கண்ணில் இறங்கினாலும் துடைக்க முடியாது. கணவனை இழந்த பெண்கள் எத்தனையோ பேர் இந்த வேலையில் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள்.

ஒருமுறை இராணுவப் பெடியன்கள் சிலருக்கு எங்கள் முறையைச் செய்து காட்டச் சொன்னார்கள். துவக்கைத் தொட்டறியாத நான், மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நிற்க, சீருடைக்காரருக்குப் பாடம் எடுத்தேன். ஒருவன் திரும்பத் திரும்ப "எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்றே கேட்டான். அவன் கேட்டதில் பிழையில்லை. படைக்கு வேண்டியது தான் கடந்துபோக ஒரு பாதை, அதுவும் விடிய முன். விதைக்கிறவனுக்கு வரப்போரம்கூட மிச்சமில்லாமல் முழு வயலும் வேண்டும். "உங்கள் ஊரில் கலப்பை எவ்வளவு ஆழம் போகும்?" என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு ஒரு சாண் காட்டினான். பிறகு ரேக்கை வாங்கினான்.

இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது; 2028 ஜூனுக்குள் நிலம் சுத்தமாக வேண்டும். அதே உடன்படிக்கையிலிருந்து விலகுவதென லித்துவேனியா 2025இல் முடிவெடுத்தது. ஒரு கையால் அகற்றப் பழக்கிக்கொண்டு மறு கையைப் புதைப்பதற்குத் திறந்து வைத்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் ரஷ்யா என்றால் பயம் வரும், விளங்குகிறது. என்றாலும் என் முழங்கால் அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

அக்காவின் மகனுக்கு அதைவிட வெள்ளத்தைப் பற்றித்தான் சொன்னேன். 2023 ஜூனில் உக்ரைனின் ககோவ்கா அணை உடைந்தபோது தண்ணீர் மிதிவெடிகளைக் கிளப்பி வேறிடங்களில் போட்டது. வரைபடத்தில் சுத்தம் என்று குறித்த நிலம் அடுத்த நாளே சுத்தமில்லை. மாரியில் வாய்க்கால் பெருகினால் எங்களுக்கும் இதே தலையிடிதான். மழை விட்டதும் முதலில் பள்ளத்தையும் வண்டல் படிந்த மூலையையும் பார்ப்போம். அதை எந்த வகுப்பிலும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

"அப்படியென்றால் நீங்களே போய்ப் படிப்பியுங்களேன், சின்னம்மா."

"அங்கே குளிர்" என்றேன்.

இரவு அவன் தூங்கிய பிறகு, அவனுடைய உலகப் படப் புத்தகத்தை எடுத்து லித்துவேனியா எங்கே இருக்கிறது என்று தேடினேன்.